கூடப்பிறந்தவர்களோடு பேச்சு அறுந்துபோகாமல் பாகம் பிரிப்பது எப்படி? டெல்டா குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

அப்பா போய்ச் சேர்ந்த மறுவருடமே அண்ணன் தம்பிகள் கோர்ட்டு வாசலில் நிற்கும் குடும்பங்கள் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை எல்லாப் பக்கமும் உண்டு. விசாரித்துப் பார்த்தால், "எனக்கு நிலம் குறைச்சல்" என்று மட்டும் கிளம்பிய சண்டை அபூர்வம். மடையை அடைத்தது யார், அறுப்பு வண்டி யார் வயலில் ஏறி வந்தது, அம்மா யார் வீட்டில் சாப்பிடுவது, அக்காவிடம் எதற்கென்று சொல்லாமல் கையெழுத்து வாங்கியது யார் என்பதில்தான் மனசு முறிகிறது. இதில் எதுவும் வழக்கமான பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இருக்காது. நான்கு எல்லையும் சர்வே எண்ணும் மட்டும் இருக்கும்.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். பேச்சு முடியாமல் அளக்காதீர்கள், அளக்காமல் பத்திரம் எழுதாதீர்கள். இங்கே சொல்லும் வாரிசுக் கணக்கு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பங்கு விகிதம் வேறு. மற்ற படிகள் அவர்களுக்கும் பொருந்தும்.

1. கருமாதி அன்று சொத்துப் பேச்சை எடுக்காதீர்கள்

எல்லாரும் ஒரே இடத்தில் இருக்கிறார்களே என்று பதினாறாம் நாள் சாயங்காலம் பாயை விரித்து உட்காருவது நம் பக்கத்துப் பழக்கம். இதைவிட மோசமான நேரம் கிடையாது. அழுது ஓய்ந்த ஆட்கள், பந்திச் செலவுக் கணக்கு, ஊருக்குக் கிளம்ப வேண்டிய மாப்பிள்ளைகள், பக்கத்தில் நின்று கேட்கும் பங்காளிகள். அன்று வாய் தவறி வந்த ஒரு வார்த்தையைப் பத்து வருடம் கழித்தும் எடுத்துச் சொல்வார்கள்.

அன்றைக்குச் செய்யவேண்டியது ஒன்றுதான். எல்லாருடைய ஆதார் நகல், புகைப்படம், கைப்பேசி எண்ணை வாங்கி ஒரு கோப்பில் வையுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டார்களா என்றும் பாருங்கள். தாமதமானால் கட்டணம் வரும், ஒரு வருடம் தாண்டினால் அதிகாரி உத்தரவு வாங்க அலைய நேரும்.

2. யாருக்கெல்லாம் பங்கு என்று முதலில் எழுதுங்கள்

அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயிலும் இல்லை என்றால் அம்மா, மகன்கள், மகள்கள் எல்லாருக்கும் சமபங்கு. இங்கே பலரும் மறப்பது அப்பாவைப் பெற்ற பாட்டியை. மகன் இறக்கும்போது அவர் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு சமபங்கு உண்டு. அவர் பின்னால் இறந்தால் அந்தப் பங்கு சித்தப்பா, அத்தை பக்கமும் கிளை விடும். அப்பாவுக்கு முன்பே இறந்துபோன அண்ணன் இருந்தால், அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அவருடைய பங்கு.

பூர்வீகச் சொத்தில், "1989-க்கு முன்னாடி கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கில்லை" என்ற பேச்சு டீக்கடைகளில் இன்னும் ஓடுகிறது. 1989-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் அந்த வரம்பு இருந்தது உண்மை. 2005-இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் மகளையும் மகனைப் போலவே பிறப்பால் பங்காளி ஆக்கியது. அந்தத் திருத்தம் வந்த அன்றைக்கு அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. 20.12.2004-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினை இருந்தால் அது நிற்கும். கணக்கு சிக்கலாக இருந்தால் ஒரு வழக்கறிஞரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்; அந்தக் கட்டணம் வீண் இல்லை.

3. காகிதங்களைச் சேர்ப்பது

ஒருவரே எல்லாக் காகிதத்தையும் பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு பேச்சுக்கு உட்கார்ந்தால், மற்றவர்களுக்குப் பாதி நம்பிக்கை அப்போதே போய்விடும். கிடைத்ததையெல்லாம் ஸ்கேன் செய்து குடும்ப வாட்ஸப் குழுவில் போடுங்கள்.

வேண்டியவை: இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், தாய்ப்பத்திரம் (சொத்து குடும்பத்துக்கு வந்த மூலப் பத்திரம்), சிட்டா (யார் பெயரில் எவ்வளவு நிலம் என்ற பதிவு), அடங்கல் (எந்த நிலத்தில் என்ன சாகுபடி என்ற பதிவு), எஃப்.எம்.பி. வரைபடம் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்), வில்லங்கச் சான்று. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள், மையக் கட்டணம் 60 ரூபாய். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் விசாரித்த பிறகு தாசில்தார் தருவார். ஒரு மாதம் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். சிட்டாவும் எஃப்.எம்.பி.யும் அரசின் நிலப் பதிவேட்டு இணையதளத்தில் இலவசம். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில், பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975-இலிருந்து, காசில்லாமல் பார்க்கலாம்.

வாரிசுச் சான்றிதழில் தங்கையை விட்டுவிட்டு மனுப் போடும் வேலை வேண்டவே வேண்டாம். சான்றிதழ் ரத்தாகும், அதை வைத்து எழுதிய பத்திரமும் வழக்கில் மாட்டும், தங்கையும் திரும்ப வரமாட்டாள்.

கடன்களைத் தனித்தாளில் எழுதுங்கள்: கூட்டுறவு சங்கப் பயிர்க்கடன், அப்பா பெயரில் இருக்கும் நகைக்கடன், வங்கி அடமானம், கைமாற்று. சொத்தைப் பிரித்த பிறகு வெளியே வரும் கடன் சண்டையோடுதான் வரும். கோயில் நிலத்தையோ மடத்து நிலத்தையோ குத்தகைக்குச் சாகுபடி செய்தால் அது உங்கள் சொத்து இல்லை, பாகப்பத்திரத்தில் சேர்க்க முடியாது. குத்தகைப் பதிவில் யார் பெயரை மாற்றுவது, சாகுபடியை யார் பார்ப்பது, மற்றவர்களுக்கு என்ன ஈடு என்பதைத் தனியாகப் பேசி முடியுங்கள்.

4. பேச்சுக்கு உட்காருவது

டெல்டாவில் இதற்குத் தோதான காலம் பொங்கல். பொறந்த வீட்டுக்குப் பெண்கள் வருவார்கள், சம்பா அறுப்பு நடந்துகொண்டிருக்கும். மாட்டுப்பொங்கல் முடிந்த மறுநாள் காலையில் உட்காருங்கள், ராத்திரியில் வேண்டாம். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். மூன்று தடவை உட்காருவதாக முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் அன்றைக்கே ஜெயிக்கத் துடிக்கமாட்டார்கள்.

முதல் தடவை கணக்கு மட்டும்: என்ன இருக்கிறது, என்ன கடன். பங்கு பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. இரண்டாம் தடவை ஒவ்வொருவரும் தனக்கு எது வேண்டும், ஏன் என்று சொல்லவேண்டும். கேட்பவர்கள் இடையில் மறுக்கக் கூடாது. இந்த "ஏன்" முக்கியமானது. சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கு வயல் வேண்டாம், ஊரில் கால் வைக்க ஒரு மனை போதும் என்பது பெரும்பாலும் இப்படிக் கேட்டால்தான் தெரியவரும். மூன்றாம் தடவை கூறு போடுங்கள்.

நடுவில் ஒரு பெரியவர் வேண்டும். தாய்மாமன் நல்ல தேர்வு, ஏனென்றால் அவருக்கு இந்தச் சொத்தில் பாத்தியதை கிடையாது. வட்டிக்குக் கொடுப்பவர், நிலத் தரகர், கட்சிக்காரர், பக்கத்து வயல்காரர் கூடாது. பக்கத்து வயல்காரர் என்றாவது அந்த நிலத்தை வாங்க நினைப்பவர்.

மருமக்களும் மாப்பிள்ளைகளும் அறையில் இருக்கலாமா? வெளியே அனுப்பினால் ராத்திரி வீட்டில் தனிப் பஞ்சாயத்து நடக்கும், மறுநாள் பேச்சு மாறும். உள்ளே இருக்கட்டும், பேசுவது மட்டும் வாரிசுகளாக இருக்கட்டும். ஒவ்வொரு தடவையும் பேசியதை ஒரு பக்கத்தில் எழுதி எல்லாருக்கும் அனுப்புங்கள்.

கூறு போட நம் ஊர்களில் பல இடத்திலும் இருக்கும் முறையே நல்லது: மூத்தவர் கூறு போடட்டும், இளையவர் முதலில் எடுக்கட்டும். எது தனக்கு மிஞ்சும் என்று தெரியாதவர் கூறு போட்டால் கூறு சமமாகவே விழும். ரோட்டோர நிலம், உள்ளடங்கிய நிலம் என்று மதிப்பு வித்தியாசப்பட்டால் பணத்தால் சரிக்கட்டுங்கள். அந்தத் தொகையை வங்கி வழியாகக் கொடுத்து, பத்திரத்திலும் எழுதுங்கள்.

5. அக்கா தங்கையிடம் கேட்கும் முறை

"நகை போட்டோம், சீர் செய்தோம்" என்பது சட்டப்படி பங்கைக் கழிக்காது. குடும்பமாக ஒத்துக்கொண்டு அதைக் கணக்கில் சேர்க்கலாம், ஆனால் அவள் வாயால் ஒத்துக்கொள்ளவேண்டும்.

அவளுடைய பங்கு எத்தனை மா (ஒரு மா 33 சென்ட்), இன்றைய விலைக்கு எத்தனை லட்சம் என்று எழுதிக் கையில் கொடுங்கள். பிறகு நான்கு வழியைச் சொல்லுங்கள்: நிலமாக வாங்கிக்கொள்ளலாம், பணமாக வாங்கலாம், பங்கைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு அண்ணனிடம் குத்தகைக்கு விடலாம், அல்லது விட்டுக்கொடுக்கலாம். பதிலுக்கு ஒரு மாதம் கொடுங்கள். அண்ணன்கள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது கேட்டால், பொறந்த வீட்டு வாசல் அடைபடுமோ என்ற பயத்தில் "எனக்கு எதுவும் வேண்டாம்ணே" என்றுதான் வரும். அது சம்மதம் இல்லை. நடுவர் பெரியவர் தனியாகக் கேட்கட்டும்.

உண்மையிலேயே விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுத்தரும் பத்திரம்) எழுதிப் பதியுங்கள். "பட்டா மாற்ற ஒரு கையெழுத்துதான்" என்று சொல்லி வாங்கும் விடுதலைப் பத்திரத்தை, பிறகு அவள் பிள்ளைகள் படித்துப் பார்ப்பார்கள். மைனர் பிள்ளையின் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் யாரும் விட்டுக்கொடுக்க முடியாது. 18 வயது ஆன பிறகு மூன்று வருடத்துக்குள் அந்தப் பிள்ளை வழக்குப் போடலாம்.

6. வயலில் இறங்கி அளப்பது, தண்ணீர் வழி வைப்பது

நிதானமாகச் செய்யவேண்டிய படி இதுதான்.

காலம்: சம்பா, தாளடி அறுப்பு முடிந்து, ஈரத்தில் தெளித்த உளுந்தும் பயறும் எடுத்த பிறகு, சித்திரை வைகாசியில். அப்போது வயல் வெறுமையாக இருக்கும், பழைய எல்லைக்கல்லைத் தேடி எடுக்கலாம். வழக்கப்படி மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தால் குறுவை வேலை தொடங்கிவிடும். சேற்றில் சங்கிலி பிடிக்க முடியாது.

அளவு: பேசுவது மாவில், பட்டாவில் இருப்பது ஹெக்டேர், ஏர், பத்திரத்தில் எழுதுவது ஏக்கர், சென்ட். இந்த மூன்றுக்கும் நடுவில்தான் சந்தேகம் நுழைகிறது. 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா என்பது 33 சென்ட், ஏறக்குறைய 13.4 ஏர். மூன்று மா சேர்ந்தால் 99 சென்ட்தான், முழு ஏக்கர் ஆகாது. மூன்று அளவிலும் ஒரே தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். "சுமார்" என்ற சொல் பத்திரத்தில் வரவே கூடாது.

வெட்டும் திசை: நம் பக்கம் பல வயல்களுக்குத் தண்ணீர் வயலுக்கு வயல் பாய்கிறது. ஒருபுறம் பாசன வாய்க்கால், மறுபுறம் வடிகால். வாய்க்காலுக்கு இணையாகக் குறுக்கே வெட்டினால் முதல் பங்குக்காரருக்குத் தலைமடை, கடைசிக்காரருக்குக் கடைமடை. மேலே இருப்பவர் அறுப்புக்காகத் தண்ணீரை நிறுத்தும் வாரத்தில் கீழே இருப்பவரின் பயிர் கதிர் வாங்கிக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் இதே கதை தலைகீழாகும்: நடுப்பங்கின் தண்ணீர் கடைசிப் பங்கில் தேங்கும். அதனால் ஒவ்வொரு துண்டும் வாய்க்காலையும் வடிகாலையும் தொடும்படி நெடுக்காக வெட்டுங்கள். உதாரணத்துக்கு, வாய்க்கால் ஓரம் 200 அடி, அங்கிருந்து வடிகால் வரை 216 அடி இருக்கும் மூன்று மா வயலை மூன்றாக்கினால், ஒவ்வொன்றும் 66 அடி 8 அங்குல அகலம், 216 அடி நீளம். பெல்ட் வண்டி (பெல்ட் வைத்த அறுப்பு வண்டி) திரும்ப இது தாராளம். வரப்புக்கு இரு பக்கமும் சமமாக இடம் விடுங்கள்.

நெடுக்காக வெட்ட வழியில்லாத வயலும் உண்டு. அங்கே தண்ணீர் உரிமையை எழுதியே ஆகவேண்டும். பத்திரத்தில் இப்படி ஒரு பத்தி போதும் ('ஏ', 'பி' ஷெட்யூல் என்பது ஒவ்வொருவர் பங்கின் சொத்து விவரம்):

"'பி' ஷெட்யூல் நிலத்துக்கு, 'ஏ' ஷெட்யூல் நிலத்தின் வடவரப்பை ஒட்டி 2 அடி அகல வாய்க்கால் வழியாகத் தண்ணீர் பாய்ச்சிக்கொள்ள 'பி' பாகஸ்தருக்கும், அவர் வாரிசுகளுக்கும், அவரிடம் கிரயம் பெறுபவர்களுக்கும் உரிமை உண்டு. 'ஏ' பாகஸ்தர் அதை அடைக்கவோ உழுது சேர்க்கவோ கூடாது. தூர்வாரும் செலவு இருவருக்கும் சரிபாதி."

"கிரயம் பெறுபவர்களுக்கும்" என்ற சொல்லை எழுத்தர் விட்டுவிடுவார், நீங்கள் விடாதீர்கள். அண்ணன் விற்றுவிட்டுப் போனால் புதிதாக வருபவருக்கு உங்கள் குடும்ப ஒப்பந்தம் எதுவும் தெரியாது. இதே மாதிரி டிராக்டரும் அறுப்பு வண்டியும் போக 12 அடிப் பாதை எங்கே என்றும் எழுதுங்கள். களம், நாற்றங்கால், வைக்கோல் போர் போடும் இடம் மூன்றையும் பிரிக்காமல் பொதுவில் விடுவது உத்தமம்.

போர்வெல்லும் இலவச மின் இணைப்பும் ஒருவர் பங்கில்தான் விழும். மற்றவர் எந்தெந்த நாளில் தண்ணீர் எடுப்பது, மோட்டார் எரிந்தால் யார் எவ்வளவு போடுவது என்பதையும் இங்கேயே முடியுங்கள். எரிந்த மோட்டாருக்குக் காயில் (கம்பிச்சுருள்) கட்டும் செலவில் பேச்சு நின்ற வீடுகள் இருக்கின்றன.

7. அம்மாவுக்கு

அம்மாவின் பங்கைப் பிள்ளைகள் பேரில் உடனே எழுதி வாங்க அவசரப்படாதீர்கள். அவர் பெயரிலேயே ஒரு பங்கு இருந்தால் அவர் சோற்றுக்குக் கை ஏந்த வேண்டியதில்லை. அவரே கொடுக்க விரும்பினால், வீட்டில் கடைசி வரை குடியிருக்கும் உரிமை, மாதம் இவ்வளவு பணம், வருடத்துக்கு இத்தனை மூட்டை நெல், மருத்துவச் செலவு யாருடையது என்று எல்லாம் பத்திரத்தில் ஏறட்டும். பராமரிப்பு நிபந்தனை எழுதியிருந்து பிள்ளை கவனிக்காவிட்டால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்கலாம். எழுதாவிட்டால் நிரூபிப்பது பெரும்பாடு. முதியோர் உதவி எண் 14567.

மாதத்துக்கு ஒரு வீடு என்று அம்மாவை மாற்றி மாற்றி அனுப்புவதைப் பலர் நியாயமான ஏற்பாடு என்று நினைக்கிறார்கள். அந்த வயதில் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு அலைவது அவருக்கு நியாயமா என்று அவரிடம்தான் கேட்கவேண்டும்.

8. பத்திரமும் செலவும்

குடும்ப உறுப்பினர்களுக்குள் பாகப்பிரிவினை என்றால் ஒவ்வொரு பங்குக்கும் முத்திரைத் தீர்வை சொத்து மதிப்பில் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். இந்த உச்சவரம்புகள் 2023 ஜூலையிலிருந்து. அரசு வழிகாட்டி மதிப்பில் ஒரு பங்கு 8 லட்சம் என்றால் 8,000-மும் 8,000-மும் சேர்த்து 16,000. மூன்று பங்குக்கு 48,000. பங்கு 50 லட்சம் ஆனாலும் 50,000-க்கு மேல் போகாது. பெரியப்பா மகன் மாதிரி ஒன்றுவிட்ட உறவு பங்கில் இருந்தால், தீர்வை எவ்வளவு என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் முதலிலேயே கேளுங்கள். எழுத்தர் கூலி தனி, முன்பே பேசிவிடுங்கள். மொத்தச் செலவும் யார் யார் எவ்வளவு என்பதும் மூன்றாம் தடவைப் பேச்சிலேயே முடிந்திருக்க வேண்டும்.

இந்தச் செலவுக்குப் பயந்து கூர்சீட்டு (பங்கு பிரித்ததைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது) எழுதி பீரோவில் வைப்பவர்கள் நிறைய. பதியாத கூர்சீட்டை வைத்து உரிமையை நிரூபிக்க முடியாது, பட்டாவும் பிரியாது, வங்கியும் ஏற்காது. கையெழுத்தான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் பதியவேண்டும். அசல் ஒருவரிடம் போவதால், மற்றவர்களுக்கும் பிரதிப் பத்திரம் பதிந்து வாங்குங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர் வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் (தன் சார்பில் கையெழுத்துப் போட ஒருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி அனுப்பலாம். அது இந்தியா வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டவேண்டும். அந்தப் பவரை இன்னொரு பங்காளி பெயரில் கொடுக்காதீர்கள், மனைவி அல்லது மாமனார் பெயரில் கொடுங்கள்.

ஆடியில் பலர் பதியமாட்டார்கள், ஆவணி முகூர்த்த நாளில் கூட்டம் நெரியும். வைகாசியில் அளந்தவர்கள் ஆனியிலேயே டோக்கன் எடுத்துவிடுவது நல்லது. பதிவுக்கு முந்தின வாரம் வரைவு முழுவதையும் எல்லாருக்கும் அனுப்பி, ஒருவர் வாய்விட்டுப் படிக்க மற்றவர்கள் கேளுங்கள்.

9. பட்டா பிரியும் வரை

பதிவோடு வேலை முடியவில்லை. அவரவருக்குத் தனிப் பட்டா வர, சர்வே எண்ணைப் பங்குவாரியாக உட்பிரிவு செய்யவேண்டும். உட்பிரிவுக் கட்டணம் கிராமத்தில் உட்பிரிவு ஒன்றுக்கு 400 ரூபாய். சர்வேயர் வரும் நாளில் எல்லாப் பங்குதாரரும் நிற்கவேண்டும். வராதவர்தான் பிறகு "கல்லை நகர்த்திவிட்டான்" என்பார். பயிர்க்கடன், காப்பீடு, கொள்முதல் நிலையம் எல்லாம் சிட்டா, அடங்கல் கேட்கும். தனிப் பட்டா கைக்கு வரும் வரை அந்தப் பருவ நெல் யார் பெயரில் போவது, பணம் வந்தால் எத்தனை நாளில் பிரிப்பது என்று பேசி வையுங்கள்.

10. ஒத்துவராவிட்டால்

நேராக சிவில் கோர்ட்டுக்குப் போகாதீர்கள். பாக வழக்கில் முதலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை, பிறகு நிலத்தைப் பிரித்துத் தரும் இறுதித் தீர்ப்பாணைக்குத் தனி மனு, அதற்கு ஆணையர் வந்து அளப்பது என்று வருடங்கள் ஓடும். அதற்குள் அடுத்த தலைமுறையும் ஒருத்தரோடு ஒருத்தர் பேசாது.

மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ தாலுகா சட்டப்பணிகள் குழுவிலோ வழக்குக்கு முந்தைய மனு கொடுங்கள். கோர்ட்டுக் கட்டணம் கிடையாது. எதிர்த் தரப்புக்கு அவர்களே அழைப்பு அனுப்புவார்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. உதவி எண் 15100. மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆனால் அது சிவில் தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது. அப்பீல் இல்லை என்பதால், மடை, பாதை, அம்மா மூன்றும் அந்தச் சமரசத் தாளில் ஏறிவிட்டதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். போகும்போது வாரிசுச் சான்றிதழ், சிட்டா, எஃப்.எம்.பி. நகல்களோடு, மூன்று தடவைப் பேச்சில் எழுதிய பக்கங்களையும் எடுத்துச் செல்லுங்கள். எதில் ஒத்துப்போனீர்கள், எதில் முட்டியது என்று சமரசம் செய்பவருக்குப் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.